அலை பிடித்த பெட்டிகள் – 14: டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிய கதை

1940-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் பத்து டாலரோடு கடைக்குப் போனவர், கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் அளவுள்ள ஒரு பேக்கலைட் ரேடியோவோடு வீடு திரும்பலாம். அதற்குப் பத்தாண்டுக்கு முன்னால் ஃபில்கோ கம்பெனி தன் ‘பேபி கிராண்ட்’ மாடலுக்கு 49.50 டாலர் என்று விலை வைத்தபோதே ஊர் அதை மலிவு என்று கொண்டாடியிருந்தது. அந்த ஐம்பது எப்படிப் பத்தாயிற்று என்று தெரிந்துகொள்ள, பெட்டியைத் திருப்பிப் பின்பக்க அட்டையைக் கழற்றினால் போதும். உள்ளே ஐந்து வால்வுகள், ஒரு சிறிய ஸ்பீக்கர், இரண்டு அலுமினியக் கூடுகளுக்குள் காயில்கள், தகடு தகடாகச் சுழலும் டியூனிங் கண்டன்சர். பெரிய ரேடியோக்களில் சாஸிஸின் மூலையில் கறுப்பாகக் குந்தியிருக்கும் அந்தக் கனத்த இரும்புக் கட்டி மட்டும் இருக்காது.

அந்தக் கட்டிதான் பவர் டிரான்ஸ்ஃபார்மர். இந்த அத்தியாயம் அது காணாமல் போன கதை.

ஆர்ம்ஸ்ட்ராங் 1918-இல் பாரிஸில், அமெரிக்க ராணுவச் சீருடையில் இருந்தபோது கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையை ஆர்சிஏ கம்பெனி தன் கைக்குள் பூட்டி வைத்திருந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். 1930-இல் பூட்டு திறந்தது. உரிமத்தொகை கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்த முறையில் ரேடியோ செய்யலாம் என்று ஆனது. ஆனால் திறந்த நேரம் அப்படி: பங்குச்சந்தை சரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலையில்லாதவர்கள் தெருவில் நிற்கிறார்கள். நல்ல ரேடியோவைச் செய்யும் உரிமை எல்லோருக்கும் கிடைத்தது, அதை வாங்கும் காசு யாரிடமும் இல்லை. எனவே எந்தக் கம்பெனியின் என்ஜினியரைப் பார்த்தாலும் மேஜைமேல் ஒரே கேள்விதான் கிடந்தது: இதில் எதை எடுத்துவிடலாம்?

எடுக்க வேண்டியது எது என்பதைத் தராசே சொல்லிவிட்டது. ஏசி ரேடியோவில் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று வேலை பார்த்தது. ரெக்டிஃபையர் வால்வின் இழைக்கு ஐந்து வோல்ட், மற்ற வால்வுகளின் ஹீட்டருக்கு இரண்டரை அல்லது 6.3 வோல்ட், வால்வுகளின் பிளேட்டுக்கு முந்நூறு வோல்ட்டைத் தொடும் உயர் அழுத்தம். இத்தனையும் ஒரே இரும்புக் கருவின்மேல் தனித்தனிச் செப்புக்கம்பிச் சுற்றுகள். பெட்டியிலேயே கனமான பொருள் அதுதான், விலையும் அதற்குத்தான் அதிகம். அதைத் தாங்குவதற்காகச் சாஸிஸ் தகடு தடிப்பாக வேண்டும், சாஸிஸுக்காகப் பெட்டி உறுதியாக வேண்டும். அதை எடுத்தால் கூடவே பலதும் இளைக்கும்.

எடுக்க இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைய அமெரிக்க நகரங்கள் பலவற்றின் மையப்பகுதியில் எடிசன் காலத்து டிசி மின்சாரமே ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் அதன் கடைசி இணைப்பைத் துண்டித்தது 2007 நவம்பரில் என்றால் அது எவ்வளவு பிடிவாதமாக நின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிசி மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போகாது. ஒரு பகுதியில் வாங்கிய ரேடியோவை இன்னொரு பகுதிக்குக் குடிபோகும்போது எடுத்துச் செல்ல முடியாத நிலை. ஹோட்டல் ஹோட்டலாகத் தங்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு இன்னும் மோசம். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ரேடியோ என்றால் ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்.

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் இருந்த இன்டர்நேஷனல் ரேடியோ கார்ப்பரேஷன் 1930-களின் தொடக்கத்திலேயே ‘கேடெட்’ என்ற பெயரில் அப்படிப்பட்ட சின்னப் பெட்டிகளை, மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து விற்கத் தொடங்கியது. (இதே கும்பல்தான் 1936-இல் பேக்கலைட் உடலும் 12.50 டாலர் விலையுமாக ஆர்கஸ் கேமராவையும் இறக்கியது. மலிவாகச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பொருள் எதுவானால் என்ன!)

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஹீட்டர்களுக்கு எப்படி மின்சாரம் கொடுப்பது? கல்யாணப் பந்தலில் தொங்கும் பழைய சீரியல் லைட் மாதிரி, எல்லா ஹீட்டர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரே சுவர் மின்சாரத்தில் மாட்டிவிடுவது. அன்று கிடைத்த வால்வுகளில் மூன்று 6.3 வோல்ட் ரகம், இரண்டு 25 வோல்ட் ரகம். கூட்டினால் 69 வோல்ட் வருகிறது. சுவரில் இருப்பதோ 115-க்குப் பக்கம். மீதி நாற்பத்தாறு வோல்ட்டை எங்காவது கரைத்தாக வேண்டும். ஓடும் மின்னோட்டம் 0.3 ஆம்பியர், அதாவது சுமார் 14 வாட் வெப்பம். இறுக்கமான பேக்கலைட் பெட்டிக்குள் இந்த வெப்பத்தை வைத்தால் கூடே வளைந்துவிடும்.

அதற்குக் கண்டுபிடித்த வழி கொஞ்சம் குறும்பானது. பெட்டிக்குள் வைக்க முடியாத ரெசிஸ்டரை மின்வயருக்குள்ளேயே ஓட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் துணி சுற்றிய வயர். உள்ளே இரண்டு செப்புக் கம்பிகளோடு மூன்றாவதாக ஒரு மின்தடைக் கம்பி. ரேடியோ பாடும்போதெல்லாம் வயர் முழுக்கச் சுடும். திரைச்சீலைக்குப் பின்னால் சுருட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை அதற்கு வந்த பட்டப்பெயரே சொல்லும்: ‘திரை எரிப்பான்’. வயர் நீளமாகத் தொங்குகிறதே என்று கத்தரித்து மறுபடி பிளக் மாட்டிய இல்லத்தரசர்கள் இன்னொரு பாடம் கற்றார்கள். வயர் குறைந்தால் தடை குறையும், தடை குறைந்தால் மின்னோட்டம் ஏறும், வால்வுகளின் ஹீட்டர் ஒவ்வொன்றாகப் போகும்.

இந்த அவலத்தை ரேடியோக் கம்பெனிகளால் தீர்க்க முடியவில்லை. தீர்த்தவர்கள் வால்வு செய்தவர்கள்.

1939 வாக்கில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த புதிய வால்வுகளின் பெயர்களைப் பாருங்கள்: 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5. அமெரிக்க வழக்கப்படி பெயரின் முதல் எண் ஹீட்டரின் வோல்ட்டேஜ். பன்னிரண்டு என்று எழுதினாலும் உண்மையில் 12.6. இந்த மூன்றும் சேர்ந்து 37.8, அதோடு 50, அதோடு 35. மொத்தம் 122.8 வோல்ட். சுவர் மின்சாரம் 117 வோல்ட். வித்தியாசம் ஆறு வோல்ட்டுக்கும் கீழே. ஒவ்வொரு வால்வும் தன் பங்கில் ஒரு துளி குறைவாக வாங்கிக்கொண்டு சமாளித்துவிடும். கரைக்க ஒன்றுமில்லை, சுடும் வயர் தேவையில்லை. மின்னோட்டத்தையும் 0.3-லிருந்து 0.15 ஆம்பியராகப் பாதியாக்கியிருந்தார்கள். 34 வாட்டுக்கு மேல் தின்ற ஹீட்டர் வரிசை இப்போது 18 வாட்டில் முடிந்தது.

பொதுவாக ஒரு கருவியைச் செய்பவர் சந்தையில் கிடைக்கும் உறுப்புகளுக்கு ஏற்பத்தான் தன் கருவியை வளைப்பார். இங்கே நடந்தது தலைகீழ். ஒரு நாட்டின் சுவர் மின்சாரத்தை முதலில் எழுதிவைத்து, கூட்டினால் அந்த எண் வருகிற மாதிரி ஐந்து வால்வுகளை வார்த்தார்கள். இந்தத் தொடரில் வரும் எத்தனையோ கண்டுபிடிப்புகளைவிட இந்த எளிய கூட்டல் கணக்கு அதிக வீடுகளுக்கு ரேடியோவைக் கொண்டுசேர்த்தது என்று தைரியமாகச் சொல்லலாம். இதற்கு ஆர்ம்ஸ்ட்ராங் மாதிரி ஒரு நாயகன் இல்லை. ஆர்சிஏ, எமர்சன், ஜெனித், ஃபில்கோ, ஜெனரல் எலெக்ட்ரிக் எல்லோருமே ஏறக்குறைய ஒரே சர்க்யூட்டைச் செய்தார்கள். ‘ஆல் அமெரிக்கன் ஃபைவ்’ என்ற செல்லப்பெயரால் பழைய ரேடியோ சேகரிப்பவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இனி அந்த ஐவரும் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். டயலை 600 கிலோசைக்கிளில் வைத்திருக்கிறீர்கள். முதல் வால்வான 12எஸ்ஏ7 இரண்டு ஆள் வேலையை ஒருவனாகப் பார்ப்பது: தானே 1055 கிலோசைக்கிளில் ஓர் அலையை உண்டாக்கி, வந்த 600-உடன் கலக்கும். வித்தியாசமாக 455 பிறக்கும். டயலை 1000-க்குத் திருப்பினால் உள்ளே உண்டாகும் அலையும் 1455-க்கு நகரும். வித்தியாசம் மறுபடி அதே 455. ஆர்ம்ஸ்ட்ராங்கின் சூப்பர்ஹெட்டரோடைன் முறை என்பது இதுதான். எந்த ஸ்டேஷனும் உள்ளே வந்ததும் 455 என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொள்வதால், அடுத்த வால்வும் அதன் இரு புறமும் உள்ள காயில்களும் அந்த ஒன்றுக்கு மட்டும் கூர்தீட்டி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்து ஸ்டேஷன் உள்ளே தலைநீட்ட முடியாது. தொழிற்சாலையில் ஒருமுறை சரிசெய்துவிட்டால் பாமரர் கையில் ஒற்றை டயல் போதும்.

மூன்றாவதான 12எஸ்க்யூ7 மூன்று வேலைக்காரன். அலையிலிருந்து குரலைப் பிரிப்பான். பிரித்த குரலைக் கொஞ்சம் பெருக்குவான். அதோடு, வந்த சிக்னல் பலமாக இருந்தால் முன்னால் இருக்கும் இரு வால்வுகளின் பெருக்கத்தைத் தானாகக் குறைத்தும், மெலிந்திருந்தால் கூட்டியும் விடுவான். இந்தத் தானியங்கி ஒலிக்கட்டுப்பாட்டை 1920-களின் நடுவில் அமைத்தவர் ஹாரல்ட் வீலர். 1929-இல் அது ஃபில்கோவின் விலையுயர்ந்த மாடலில் பெருமைக்குரிய அம்சம். பத்தாண்டில் பத்து டாலர் பெட்டிக்குள் பேச்சில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் அதற்குத் தேவை ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டன்சரும்தான். நான்காவது 50எல்6 ஸ்பீக்கரை ஓட்டும் பலசாலி; நூறு, நூற்றுப்பத்து வோல்ட்டிலேயே ஒன்றிரண்டு வாட் கொடுப்பதற்காகவே பிறந்தவன். ஐந்தாவது 35இசட்5 ரெக்டிஃபையர்.

ரெக்டிஃபையர் ஏசியின் ஒரு பாதியை மட்டுமே எடுத்தது. மீதிப் பாதியை விட்டுவிட்டதால் ஒலியில் 60 சைக்கிள் உறுமல் கலந்தே தீரும். அதை வடிகட்டப் பெரிய கண்டன்சர் வேண்டும், அது காசு. ஆனால் நான்கு அங்குல ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் சக்தியே கிடையாது! மட்டமான ஸ்பீக்கர் மட்டமான வடிகட்டியை மறைத்துவிடும். ஒரு குறையை வைத்து இன்னொரு குறையை மூடுவது இந்தப் பெட்டி முழுக்க ஓடும் சாமர்த்தியம். வெளியே கம்பி கட்ட வேண்டிய ஏரியலும் போயிற்று. பின்பக்க அட்டையிலேயே சுற்றிய கம்பிச் சுருள் போதுமானது.

டயல் பல்பைப் பாருங்கள். தனி மின்சாரம் அதற்குக் கிடையாது. 35இசட்5 வால்வின் ஹீட்டரில் ஏழெட்டு வோல்ட் தேறும் ஒரு துண்டை வெளியே எடுத்து அதன் குறுக்கே பல்பை வைத்துவிட்டார்கள். பிளேட்டுகளுக்குப் போகும் மின்னோட்டமும் அதே வழியாகத்தான் போகும். பல்பு ஃபியூஸானால் அந்தச் சுமை முழுதும் ஹீட்டரின் அந்தத் துண்டில் விழும். கவனிக்காமல் விட்டால் வால்வும் போய்விடும். சில காசு பல்பை மாற்றச் சோம்பியவர் ஒரு வால்வுக்குப் பணம் கொடுத்தார்.

ஐந்தில் ஒரு ஹீட்டர் அறுந்தாலும் ஐந்தும் அணையும். எது போனது என்று கண்ணால் தெரியாது. இதனால் பிழைத்தது ஒரு தனி வியாபாரம். அமெரிக்க மருந்துக்கடைகளின் வாசலில் வால்வு சோதிக்கும் இயந்திரங்கள் நின்றன. ஜனங்கள் வீட்டிலிருந்து ஐந்து வால்வுகளையும் பையில் போட்டு எடுத்துவந்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துவிட்டு, புதியதை அங்கேயே வாங்கிப் போனார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சாமர்த்தியம். சாமர்த்தியத்தின் மறுபக்கம் பயங்கரமானது.

டிரான்ஸ்ஃபார்மர் செய்துவந்த நான்காவது வேலை ஒன்று உண்டு. அதற்கு விலைப்பட்டியலில் இடமில்லாததால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சுவர் மின்சாரத்துக்கும் ரேடியோவின் உலோகச் சாஸிஸுக்கும் நடுவே அது ஒரு மதில். மதிலை எடுத்ததும் மின்வயரின் ஒரு கம்பி நேரே சாஸிஸில் வந்து சேர்ந்தது. அன்றைய அமெரிக்க பிளக்கின் இரு முனைகளும் ஒரே அளவு, எப்படியும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் சாஸிஸ் சாது. திருப்பிச் செருகினால் சாஸிஸ் முழுதும் 117 வோல்ட். டிசி வீடுகளிலாவது தவறாகச் செருகினால் ஹீட்டர்கள் ஒளிரும், சத்தம் வராது, திருப்பிப் போடுவார்கள். ஏசி வீட்டில் இரண்டு வழியிலும் ரேடியோ இனிமையாகப் பாடும்.

உயிரைக் காத்தது பேக்கலைட் கூடும் பின்பக்க அட்டையும்தான். நாப் உடைந்து போய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டைப் பிடித்து ஒலியைக் கூட்டியவருக்கு, அடிப்பக்கத் திருகாணியைத் தொட்டவருக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குளியலறையில் ரேடியோ வைத்தவருக்கு அந்தக் காப்பு இல்லை. பின்பக்க அட்டையைக் கழற்றினால் மின்வயரும் கூடவே பிடுங்கிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு வந்தது. மெக்கானிக்குகள் உடனே அதைத் தாண்ட ஒரு தனி வயரைப் பையில் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு பல கம்பெனிகள் மின்கம்பியை நேரே சாஸிஸில் சேர்க்காமல், நடுவே ஒரு கண்டன்சரையும் ஒரு பெரிய ரெசிஸ்டரையும் வைத்தன. ஷாக் அடிக்கும், உயிர் போகாது என்பது கணக்கு. கண்டன்சர் பழுதாகாத வரைக்கும் அந்தக் கணக்கு சரி.

இதே சர்க்யூட்டின் பின்பாதியை எடுத்து மலிவான கிதார் ஆம்ப்ளிஃபையர்கள் செய்தார்கள். கிதாரின் கம்பிகள் சாஸிஸோடு சேர்ந்திருக்கும். வாசிப்பவரின் உதடு இன்னொரு கருவியோடு இணைந்த மைக்கைத் தொடும். இன்றைய கிதார் மெக்கானிக்குகள் அந்தப் பெட்டிகளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘விதவையாக்கி’. தனி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வெளியே வாங்கி மாட்டாமல் அவற்றை யாரும் ஓட்ட வேண்டாம் என்பதே அவர்கள் சொல்லும் முதல் புத்தி. முப்பதுகளில் மிச்சம் பிடித்ததை இன்று திருப்பிச் செலவழிக்கிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம், இதே ஆண்டுகளில், இதே ‘எதை எடுத்துவிடலாம்?’ கேள்விக்கு ஜெர்மனி வேறு பதில் சொன்னது. 1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மக்கள் ரேடியோ’ விஇ301 இறங்கியது. விலை 76 ரைக்ஸ்மார்க். உள்ளமைப்பு ஓட்டோ க்ரீசிங்கினுடையது, கூட்டை வடிவமைத்தவர் வால்ட்டர் மரியா கெர்ஸ்டிங். 301 என்பது ஹிட்லர் பதவியேறிய ஜனவரி 30. எல்லாக் கம்பெனிகளும் அரசு சொன்ன ஒரே வடிவத்தில், ஒரே விலையில் செய்ய வேண்டும்.

ஏசி மாடலில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. இல்லாதது சூப்பர்ஹெட்டரோடைன். பெருக்கிய சிக்னலில் கொஞ்சத்தை எடுத்து அதே வால்வுக்குத் திரும்ப ஊட்டும் 1910-களின் ரீஜெனரேஷன் முறையையே வைத்துக்கொண்டார்கள். வால்வுகள் குறையும், ஆனால் ஊட்டும் அளவைக் கேட்பவரே கையால் திருகித் திருகிச் சரிபார்க்க வேண்டும். மிஞ்சினால் கீச்சென்று அலறும். 1938-இல் வந்த தம்பி டிகேஇ அதையும் தாண்டியது. விலை 35 மார்க், வால்வு இரண்டே இரண்டு. விசிஎல்11 என்ற ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு வால்வுகளை அடைத்தார்கள், மற்றது விஒய்2 ரெக்டிஃபையர். ஹீட்டர்களுக்கு ஓடியது வெறும் 50 மில்லி ஆம்பியர். இம்முறை டிரான்ஸ்ஃபார்மரும் போயிற்று.

வெளிநாட்டு ஸ்டேஷன் கேட்கக்கூடாது என்பதற்காகவே இந்தப் பெட்டிகளை மந்தமாகச் செய்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மையல்ல. நல்ல ஏரியல் கட்டினால் இரவில் அண்டை நாடுகள் கேட்கத்தான் செய்தன. அதனால்தானே 1939 செப்டம்பரில் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டியிருந்தது! ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. ஒரே ஊரில் பல தனியார் ஸ்டேஷன்கள் போட்டியிட்ட அமெரிக்காவில், டயலைத் திருப்பும் சுகத்தைத் தவிர எதையும் வெட்டலாம் என்று வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து டிரான்ஸ்மிட்டரின் பேச்சு வீடுதோறும் ஒலித்தால் போதும் என்றிருந்த அரசு, முதலில் வெட்டியதே அந்தச் சுகத்தைத்தான்.

போருக்குப் பின் அமெரிக்கப் பெட்டி இன்னும் சுருங்கியது. சுண்டுவிரல் நீளக் கண்ணாடி வால்வுகள் வந்தன: 12பிஇ6, 12பிஏ6, 12ஏவி6, 50சி5, 35டபிள்யூ4. கூட்டிப் பாருங்கள், அதே 122.8. 1953 முதல் பத்தாண்டுகளுக்கு அமெரிக்க ரேடியோக்களின் டயலில் 640, 1240 என்ற இரு இடங்களில் சிறு முக்கோணக் குறி இருந்தது. சோவியத் குண்டு விமானம் வந்தால் மற்ற ஸ்டேஷன்கள் வாயடைக்கும், அந்த இரண்டில் மட்டும் அரசின் அறிவிப்பு வரும். சமையலறைப் பெட்டிக்கும் போருக்கும் ஒரு கோடு போட்டு வைத்தார்கள்.

1954 அக்டோபரில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் இண்டியானாபொலிஸின் ஐடிஇஏ கம்பெனியும் சேர்ந்து ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோவை அறிவித்தன. டெக்சஸ்காரர்கள் முதலில் செய்துகாட்டிய மாதிரியில் எட்டு டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் அன்று தங்க விலை. ஐடிஇஏ-வின் ரிச்சர்ட் கோச் உட்கார்ந்து அதை நான்காகக் குறைத்தார். அந்தக் கால ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரால் 455-க்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதால் உள் அலைவரிசையை 262-க்கு இறக்கினார்கள். விலை 49.95 டாலர், பேட்டரி 22.5 வோல்ட், அதற்குத் தனிக் காசு. அதே கடையின் அடுத்த தட்டில் ஐந்து வால்வுப் பெட்டி அதில் பாதி விலைக்குக் கிடைத்தது, சத்தமும் பெரியது. அறுபதுகள் வரைக்கும் அது அந்தத் தட்டைவிட்டு இறங்கவில்லை. கோச் எந்த நான்கை, எதை நம்பி எடுத்தார் என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)